ஹாப்ஸ் கேட்ட கேள்வி

நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூலுக்கு இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் தாமஸ் ஹாப்ஸின் பக்க நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். புதிய அறிவியல் பிடிபடாத பிடிவாதக்காரர் என்று அவரை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது, அது அநியாயம். 1660இல் ராபர்ட் பாயில் தன் காற்றுப் பம்புச் சோதனைகளை வெளியிட்டபோது, கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டவர் எழுபதைத் தாண்டிய இந்தத் தத்துவவாதிதான். ராபர்ட் ஹூக்கின் கைத்திறனில் உருவான அந்தப் பம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே பெரிய கண்ணாடிக் கோளம். கீழே பித்தளை உருளை. அதற்குள் தோல் போர்த்திய உந்துதண்டு. அதை ஏற்றி இறக்கப் பற்சக்கரமும் கைப்பிடியும். கோளத்துக்குள் பாதரசக் குழாயை வைத்துக் காற்றை இறைக்க இறைக்கப் பாதரசம் இறங்கியது, ஆனால் அடிமட்டம் வரை இறங்கவில்லை. ஒட்டிக்கிடந்த இரண்டு பளிங்குத் தகடுகள் உள்ளே பிரிந்துவிடும் என்று பாயில் எதிர்பார்த்தார், அவை பிரியவில்லை. காற்று கசிந்து உள்ளே வருகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஹாப்ஸ் 1661இல் பிடித்துக்கொண்டது இதைத்தான். கசிகிற கருவியை நம்பி இயற்கையைப் பற்றி முடிவு சொல்லலாமா? சிலர் மட்டுமே கூடிப் பார்த்ததை எல்லோரும் ஏன் ஏற்க வேண்டும்? யூக்ளிடின் வடிவியலில் மயங்கிப்போனவர் அவர். காரணத்திலிருந்து படிப்படியாக இறங்கி வருவதே அவருக்கு அறிவு. சோதனைகளை எத்தனை அடுக்கினாலும் அது தகவல் குவியல்தான். வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்று சொல்லி ஜான் வாலிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தானே இவர் என்று கேட்கலாம். உண்மைதான், அந்த வடிவியல் தவறு. வெற்றிடமே கிடையாது என்ற அவருடைய பதிலும் நிற்கவில்லை. ஆனால் பதில் பிழை என்பதால் கேள்வி பிழையாகிவிடாது. எதிர்ப்பு எவ்வளவு பயன் தரும் என்பதற்கு பாயிலே சாட்சி. பிரான்சிஸ் லைனஸ் என்ற ஏசு சபைத் துறவியும் அவரை மறுத்து எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லப் புகுந்த இடத்தில்தான், 1662இல், அழுத்தம் கூடக் காற்றின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும் என்ற விதி அச்சேறியது. இன்றும் அது பாயில் விதி என்றே பள்ளிகளில் நடத்தப்படுகிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 1679இல் ஹாப்ஸ் இறக்கும்வரை ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்காதது அந்தச் சபைக்கு ஒரு குறை என்றே சொல்வேன். நியூட்டன் அடுத்த வாரம்.