எஞ்சின் மாறிய பின் முள் எதைக் காட்டுகிறது?

தில்லியில் எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட அம்பாசிடர் டாக்சி நாள் முழுதும் ஓடினாலும் அதன் எரிபொருள் முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தலைநகரின் பேருந்துகள் அனைத்தையும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற ஆணையிட்டது; டாக்சிகளும் ஆட்டோக்களும் தூய எரிபொருளை நோக்கித் தள்ளப்பட்டன. அந்த வரலாறு பெரிதும் காற்று மாசின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அசையாத அந்த முள்ளுக்கும் அதில் இடமுண்டு.

முள் பழுதாகிவிடவில்லை. பெட்ரோல் தொட்டியில் மிதவை ஏறியிறங்க, அதனுடன் இணைந்த மின்தடை மாறும். முள் அதையே காட்டுகிறது. வாயுவுக்கோ மிதவையைத் தாங்கும் மேற்பரப்பு இல்லை. உருளையில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதை அழுத்தத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: நிரப்பும்போது வாயு சூடேறும், ஆறியதும் அழுத்தம் இறங்கும். சிறிதும் செலவாகாமலே இருப்புக் குறைந்ததுபோல் தோன்றும். இறுதியில் முள்ளைப் பெட்ரோலுக்கே விட்டுவிட்டு, வாயுவுக்கென மாற்றுச் சுவிட்சில் சில சிறு விளக்குகளை வைத்தார்கள்.

எஞ்சினே மாறும்போது சிக்கல் பெருகுகிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடருக்கு 1990களின் தொடக்கத்தில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர்களுடன் வந்தது. தொழிற்சாலை செய்யும் மாற்றத்தில் அளவிகளும் கூடவே திருத்தப்படும். பட்டறையில் அது தனி வேலை. பழைய வேகமானியில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது அலுமினியக் கிண்ணத்தில் தூண்டும் சுழல் மின்னோட்டம் முள்ளைத் திருப்பும். இன்றைய கியர்பாக்ஸ் பலவற்றில் கேபிளுக்கு இடமே இல்லை, மின்துடிப்புகள்தாம். அவற்றை எண்ணி, சிறு மோட்டாரால் பழைய கேபிளைச் சுழற்றும் பெட்டியொன்றை இடையில் வைக்கிறார்கள். சுழற்சிமானியின் கதை இன்னும் சுவையானது. ஒரே சுருள் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு தீப்பொறிகள். சிலிண்டருக்கொரு சுருள் என்றானபின் ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே துடிக்கும். ஒன்றை மட்டும் பழைய மானியுடன் இணைத்தால் உண்மையில் கால்பங்கைத்தான் முள் காட்டும். வெப்பமானிக்கு எளிய வழி உண்டு: கணினியின் உணரியில் கைவைக்காமல், பழைய உணரியையே புதிய எஞ்சினின் குளிர்நீர்ப் பாதையில் தனியாகத் திருகிவிடலாம்.

இதை மொழிபெயர்ப்பு என்பார்கள். மொழியியல் படித்த எனக்கு அதில் தயக்கம் உண்டு. முள்ளுக்குப் பொருள் தெரியாது. அது மின்னோட்டத்தை மட்டுமே அறியும். ஒலிபெயர்ப்பு என்பதே நெருங்கிய சொல்.

இதற்குச் சட்ட விலையும் உண்டு. 2021இல் வந்த ஒன்றிய அரசின் விதிகள், 50 ஆண்டுகள் கடந்த வண்டியைப் பழம்பெருமை வாகனமாகப் பதிய அது மூலவடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. முகப்பு முழுவதும் அசலாக இருந்தாலும் எஞ்சின் மாறிய கார் அந்தத் தகுதியை இழக்கும். அதே ஆண்டில் தில்லி அரசு, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை மின்வண்டிகளாக மாற்ற வழிவிடுவதாக அறிவித்தது. அப்படி மாறும் காரில் எண்ணெய் அழுத்த முள்ளுக்கு வேலையில்லை. எரிபொருள் முள்ளை மட்டும் பேட்டரியின் இருப்புடன் இணைக்கலாம். எரிவாயுக் காலத்தில் உறைந்து நின்ற முள், ஓட ஓட மீண்டும் இறங்கத் தொடங்கும்.