முதல் மழையும் மண்ணின் மூச்சும்

நீண்ட கோடையில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் மழை விழுந்த சில மணி நேரத்துக்குள், அந்நிலம் வெளியிடும் கரியமில வாயு முந்தைய நாளின் அளவைவிடப் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. மண்ணியலாளர் இதனைப் ‘பிர்ச் விளைவு’ என்பர். பெயர் பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்; இதன் பயனை உழவர் அறிந்ததோ மிகப் பழங்காலத்தில். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்வரை உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் எனத் திருக்குறளின் உழவு அதிகாரம் சொல்கிறது. இதைக்கொண்டு வள்ளுவர் நுண்ணுயிரியல் அறிந்திருந்தார் என்று வாதிடுவது மிகை. உலர்ந்த மண் நனையும்போது வளம் கூடுகிறது என்ற பட்டறிவு அங்கே பதிவாகியிருக்கிறது. அதுவே போதிய சிறப்பு.

காலனிய இந்தியாவில் இப்பட்டறிவு ஆய்வுப் பொருளாயிற்று. பீகாரின் பூசாவில் 1905இல் நிறுவப்பட்ட வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் கேப்ரியல் ஹோவர்டும் கோடை உழவையும் மண்ணின் காற்றோட்டத்தையும் வலியுறுத்தி வந்தனர். அதே நிலையத்தின் வேதியியலாளர் ஜே. வால்டர் லெதர் மண்ணிடைவெளிகளிலுள்ள வாயுக்களை ஆராய்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1909இல், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ரசலும் ஹட்சின்சனும், சூடேற்றிய மண்ணின் வளம் கூடுவதற்குக் காரணம் பாக்டீரியாவை உண்ணும் ஓரணு உயிர்கள் அழிவதே என்றனர். அவ்விளக்கம் நிலைக்கவில்லை, கேள்வி நிலைத்தது.

விடையின் பெரும்பகுதி கென்யாவிலிருந்து வந்தது. நைரோபிக்கு அருகே முகுகாவில் பணியாற்றிய எச். எஃப். பிர்ச், மண்ணை உலர்த்தி நனைக்கும் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொரு முறை நனையும்போதும் மட்குச் சிதைவு திடீரென விரைவடைந்து பின் தணிந்தது. அவர் தேடியது பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தை. கரியமில வாயு அவருக்குச் சிதைவை அளக்கும் ஓர் அளவுகோல் மட்டுமே. அளவுகோலே பின்னாளில் ஆய்வின் மையமானது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்.

இதன் இயக்கம் இன்று ஓரளவு தெளிவு. உலர்ந்த மண்ணில் நீர்ப்படலங்கள் மெலிந்து அறுபடுவதால் உணவு நுண்ணுயிரைச் சென்றடைவதில்லை. மழை வந்ததும் இறந்த உயிரணுக்களின் பொருள்களும், வறட்சியைத் தாங்க உயிரணுக்கள் சேர்த்து வைத்த கரைபொருள்களும், உடைந்த மண் திரள்களுக்குள் காப்புற்றிருந்த கரிமமும் ஒருசேரக் கிடைக்கின்றன. நீர் மிகுந்தால் நிலை தலைகீழாகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால் மூச்சுத் தடைபடுகிறது.

சுதந்திர இந்தியாவில் ராம்தேவ் மிஸ்ராவின் பனாரஸ் மரபில் வந்த ஜே. எஸ். சிங்கும் எஸ். ஆர். குப்தாவும் குருக்ஷேத்திரத்துப் புல்வெளியில் மண் சுவாசத்தை அளந்தனர். கவிழ்த்த கலத்துக்குள் காரக் கரைசலை வைத்து, அது உறிஞ்சிய வாயுவைக் கணக்கிடும் எளிய முறை அது. மழைக்காலத்தில் மூச்சு மிகுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. எனினும் நீண்ட இடைவெளிவிட்டு அளக்கும் எந்தத் திட்டத்திலும் முதல் மழையின் அந்த ஓரிரு நாள்கள் எளிதில் தப்பிவிடும். ஆண்டுக் கணக்கில் பிழை புகும் வாயிலும் அதுவே.

இன்னொரு வாயில் வெப்பநிலையை மட்டும் நம்பும் சூத்திரங்கள். ஈரம் குறையாத குளிர்நாட்டு மண்ணுக்கு அவை ஓரளவு பொருந்தும். வட இந்தியாவில் மண் மிகச் சூடாக இருக்கும் மே மாதத்தில் மானாவாரி நிலத்தின் மூச்சு தாழ்ந்திருக்கிறது. வெப்பம் சற்றுத் தணியும் ஜூலையில் உயர்கிறது. ஐரோப்பாவுக்கே இப்பாடம் 2003இன் கோடையில் கிடைத்தது. கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தபோது சூழல் தொகுதிகளின் சுவாசம் ஏறவில்லை, குறைந்தது. ஆனால் ஒளிச்சேர்க்கை அதைவிட மிகுதியாக, ஏறத்தாழ 30 விழுக்காடு, வீழ்ந்தது. அதனால் அவ்வாண்டு அந்நிலப்பரப்பு ஏறத்தாழ 50 கோடி டன் கரிமத்தை வளிமண்டலத்துக்கு நிகரமாக விடுத்தது என 2005இல் சியேயும் அவர்தம் குழுவினரும் மதிப்பிட்டனர்.

உலக மண் சுவாசம் ஆண்டுக்கு 6,800 கோடி டன் கரிமம் என்பது ரைக்கும் ஷ்லெசிங்கரும் 1992இல் தந்த மதிப்பீடு. பின்வந்த மதிப்பீடுகள் இன்னும் கூடுதல். இவ்வளவு பெரிய பாய்வில் சிறு பிழையும் பெருந்தொகையாகும். மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950க்கும் 2015க்கும் இடையே மூன்று மடங்காயின என ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2017இல் காட்டியது. ஒரே அளவு மழை பெறும் இரு ஆண்டுகளில், ஒன்றில் அது சீராகப் பெய்து, மற்றொன்றில் நீண்ட உலர்நாள்களுக்கு இடையே சில பெருமழைகளாகக் கொட்டினால், அவ்விரு ஆண்டுகளின் மண் மூச்சும் ஒன்றாக இராது. மழைமானியின் ஆண்டுக் கூட்டுத்தொகையில் அந்த வேறுபாடு தென்படுவதில்லை.