சிதையும்வரை காத்திராத கணக்கு

வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் கிடைத்த ஈமப்பேழையின் காலம் பொ.ஆ.மு. 1692 என்று 2025-இல் அறிவிக்கப்பட்டபோது, பேச்சு முழுக்க இரும்பின் தொன்மையைப் பற்றியே இருந்தது. காலம் கணித்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1949-இல் வேதியியலாளர் லிப்பி கார்பன்-14 முறையை வகுத்தபோது, சிதையும் அணுவைத்தான் எண்ண முடிந்தது; 5,730 ஆண்டு அரை ஆயுள் என்பதால் கரி நிறைய வேண்டியிருந்தது. 1977 முதல் முடுக்கிகள் சிதையாமல் இருக்கும் அணுக்களையே நேராக எண்ணின. சில மில்லிகிராம் கரி போதுமென்றானது. கீழ்நமண்டிக்கு ஆண்டு கிடைத்தது இந்தத் திருப்பத்தால்தான்.

அதே மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் கரியைவிட நீரின் வயதுதான் அவசரமான கேள்வி. ஆழ்துளைக் கிணறு இறைப்பது போன ஆண்டு ஏரியில் நின்ற நீரையா, பல தலைமுறைக்கு முந்தைய மழையையா? 12 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கார்பன்-14-ஓ சில நூற்றாண்டுகளில் அதிகம் குறைவதில்லை. இடைவெளிக்குப் பொருந்துவது 269 ஆண்டு அரை ஆயுளுள்ள ஆர்கான்-39. ஒரு லிட்டர் புதுநீரில் அது சுமார் 8,000 அணுக்கள்தான். ஆண்டுக்குச் சிதைவது இருபது சொச்சம். இதனால்தான் பெர்ன் நகரில் ஆய்வாளர் லூஸ்லி டன் கணக்கான நீரிலிருந்து வாயுவைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆர்கான் எதிர்மின் அயனியாக நிலைக்காது என்பதால் வழக்கமான முடுக்கிமுறையும் கைகொடுக்கவில்லை. வழி திறந்தது லேசர். ஒவ்வொரு ஐசோடோப்பும் ஒளியை ஏற்கும் அலைநீளம் மயிரிழை வேறுபடும். ஆர்கான்-39-க்கென இசைத்த லேசரில் அது மட்டும் சிக்கி ஒளிரும், மற்றவை நழுவிவிடும். ஒளிர்வதை ஒவ்வொன்றாக எண்ணலாம். 1999-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் (வாயுவின் பெயரோடு ஒத்தது தற்செயல்) செங்-தியான் லூ குழு கிரிப்டானில் இதைச் செய்துகாட்டியது; 2014-இல் ஹைடல்பெர்க் குழு ஆர்கான்-39 எண்ணி நிலத்தடி நீருக்கு வயது சொன்னது.

பாறை வெடிப்புகளில் பல வயது நீர் கலந்திருக்குமே, ஒற்றை எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். நியாயம்தான். அணு உலை எரிபொருள் மறுசுத்திகரிப்பில் வெளியாகும் கிரிப்டான்-85-ஐயும் அதே நீரில் எண்ணினால், இரு விடைகளும் முரண்படும் அளவே கலப்பைக் காட்டிக்கொடுக்கும். கடினமான ஆட்சேபம் வேறு. பாறையிலுள்ள யுரேனியம், தோரியத்தால் எழும் நியூட்ரான்கள் பொட்டாசியத்தைத் தாக்கி ஆர்கான்-39-ஐப் புதிதாக உண்டாக்கும். சுவீடனின் ஸ்ட்ரிப்பா கிரானைட்டில் வளிமண்டல அளவையும் மிஞ்சிய ஆர்கான்-39 கிடைத்தது. வேங்கிக்காலும் கடும்பாறை நிலமே. ஆகவே ஆழ்துளை நீரில் ஆர்கான் தரும் வயதை அப்படியே ஏற்பதற்கில்லை; பாறையின் பொட்டாசியம், யுரேனியம் அளவுகளை முதலில் பார்த்தாக வேண்டும். நீர் அதிகம் தங்காத மேல்மட்டத் திறந்த கிணறுகளில் இந்தச் சிக்கல் குறைவு. தொடங்குவதானால் அங்கிருந்து தொடங்கலாம்.