மோட்டார் காரின் மூச்சு

மோட்டார் கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கெடுத்துப் பார்த்தால், அது பெட்ரோலைவிடப் பன்மடங்கு காற்றை உட்கொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முறையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். 18 லிட்டர் மண்ணெண்ணெய் டின்னால் அளந்தால் 500 டின் காற்று! அதை இழுத்து, தூசியை நீக்கி, அளவறிந்து பெட்ரோலைக் கலந்து ஊட்டும் உறுப்புகள் எப்படி வளர்ந்தன என்பதே இன்றைய பேச்சு.

பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் போன்ற இடங்களில் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் உண்டு. நம் பிள்ளைகள் சிலர் அங்கே தொழில் பழகச் செல்கின்றனர். ஓர் உறுப்பை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதைக் கை விரைவில் கற்றுக்கொள்ளும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த ‘ஏன்’ தெரியாமல் கை வைத்தால் நல்ல இயந்திரமும் கெட்டுவிடும்.

1885இல் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில், காற்று பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியைக் கூட்டிக்கொண்டு போனது. வண்டி குலுங்கினால் கலவையும் மாறும். 1893இல் வில்ஹெல்ம் மேபாக் நுண்துளை வழியே பெட்ரோலைச் சீறவிடும் முறையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர்.

இதற்கு அடிப்படையான விதியோ மோட்டார் காருக்கு முந்தியது. 1738இல் டானியல் பெர்னூலியும், 1797இல் இத்தாலியரான வெஞ்சுரியும் எழுதி வைத்தது அது. குழாய் குறுகும் இடத்தில் ஓட்டம் விரைவாகும். அங்கே அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது, குறைந்த அழுத்தம் பெட்ரோலைத் துளை வழியே மேலே இழுக்கிறது.

ஆனால் ஒரே அளவுள்ள கழுத்து எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. மெதுவாக ஓடும்போது அகலமான கழுத்தில் இழுப்புப் போதாது; விரைந்து ஓடும்போது குறுகிய கழுத்து மூச்சைத் திணறடிக்கும். இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் ஸ்கின்னர். அவருடைய குடும்பத் தொழில் காலணி வியாபாரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கார்புரேட்டரில், காற்றின் இழுப்புக்கு ஏற்பக் கழுத்தைத் திறந்து மூடியது ஒரு தோல் துருத்தி! அதுவே எஸ்.யு. கார்புரேட்டர். பின்னர் துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. நிறுவனத்தை 1926இல் மோரிஸ் வாங்கினார்.

இந்தப் பிஸ்டனின் அடியில், நுனி நோக்கி மெலியும் ஓர் ஊசி தொங்குகிறது. அது பெட்ரோல் துளைக்குள் நிற்கும். காற்று மிகுந்தால் பிஸ்டன் உயரும், ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வரும், பெட்ரோலும் கூடும். மேலே உள்ள சிறு குழியில் ஊற்றும் எண்ணெய், பிஸ்டன் திடீரென்று எழும்பாமல் தடுக்கிறது. அதனால் மிதியை அழுத்தியதும் கலவை சற்றுச் செறிவாகி வண்டி தயங்காமல் பாய்கிறது. எண்ணெய் வற்றினால் வண்டி திக்கும்.

மூச்சின் அருமையை ஓர் உதாரணத்தால் காண்போம். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் ஹெரால்டு காரைத் தயாரித்தது. தமிழ்நாட்டுச் சாலைகள் நன்கறிந்த வண்டி. அதே ஆண்டு பிரிட்டனில் வந்த ஹெரால்டு 1200இன் இயந்திரம் 1,147 கன சென்டிமீட்டர்; ஒரே ஒரு கார்புரேட்டர்; 39 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு அதன் உடன்பிறப்பாக டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதே கொள்ளளவு, ஆனால் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், மாற்றிய கேம் தண்டு, கூடிய அமுக்கம். திறன் 63 ஆயிற்று. பெட்டி அதேதான், மூச்சு பெருகியது.

டிரையம்ப் கார்கள் சிலவற்றில் ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. அதில் பிஸ்டனைத் தூக்குவது மெல்லிய ரப்பர் சவ்வு. நம் மக்கள் விடியலில் மரம் சீவி எடுத்த பாலிலிருந்து வந்த ரப்பர் டயராகி உலகெங்கும் ஓடியது. ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். ஆகவே இத்தகைய இடங்களுக்குச் செயற்கை ரப்பரே ஏற்றது. சவ்வில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் பிஸ்டன் சரியாக எழாது.

இனி வடிகட்டிக்கு வருவோம். தொடக்கக் காலக் கார்கள் பலவற்றில் அது இல்லை. செம்மண் சாலையின் தூசியில் உள்ள மணல் துகள், எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள்போல் சிலிண்டரைத் தேய்க்கும். இரைச்சல் கம்பீரமாக இருக்கிறது என்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிவோர் உண்டு. அப்பெட்டி தூசியைத் தடுப்பதோடு, காற்று சுழலாமல் நுழையவும் உதவுகிறது. அதன் தடையையும் கணக்கில் கொண்டே ஊசி தேர்ந்தெடுக்கப்பட்டது. எஸ்.யு. எச்.எஸ். வகையில் கார்புரேட்டரின் வாய் விளிம்பில் சிறு துளைகள் உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்குக் காற்று அவற்றின் வழியாகவே செல்கிறது. இடையில் வைக்கும் கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டினால் துளைகள் அடைபட்டு, பிஸ்டன் எழ மறுக்கும். ஓட்டுநர் பெட்ரோலைக் குறை சொல்வார். குற்றவாளி ஒரு காகிதத் துண்டு!

இரட்டைக் கார்புரேட்டர்கள் சமமாக மூச்சிழுக்க வேண்டும். அனுபவசாலி மெக்கானிக், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்து, இரண்டின் சீறலையும் ஒப்பிடுவார். மருத்துவர் நெஞ்சுக் குழல் வைப்பது போலத்தான்.

மலேசியாவில் 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் தொடக்கத்தில் கார்புரேட்டர் வண்டியே. பின்னர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்து கார்புரேட்டரை ஒதுக்கிவிட்டது. எனினும் காற்றை அளந்து பெட்ரோலைக் கலக்கும் அதே வேலையை இன்று மின்னணுக் கருவி செய்கிறது. துருத்தியும் ஊசியும் கண்ணுக்குத் தெரிந்தவை, கற்பிக்க எளியவை. பட்டறைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வோம்: ஓர் உறுப்பைத் தூக்கி எறியும் முன், அதை அங்கே வைத்தவன் எந்தக் குறையைத் தீர்க்க வைத்தான் என்று கேளுங்கள். விடை தெரிந்தபின் ஸ்பானரை எடுங்கள்.