கைமாறும் பயண மோட்டார் சைக்கிளை மதிப்பிடுதல்

நெடுந்தூரப் பயணத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளை முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கும்முன், அதன் எஞ்சின், சட்டகம், ஓடிய பாதை, ஆவணங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து விலை வைக்கும் முறை இது. நகருக்குள் ஓடிய வண்டியைப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அலுவலகம் போய்வரும் வண்டி ஓடித் தேய்கிறது. பயண வண்டி சுமந்து தேய்கிறது. பின்னால் ஒருவர், இரு பக்கமும் பெட்டிகள், கூடாரம், கேனில் கூடுதல் பெட்ரோல் என்று ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான மலைப்பாதையில் இறங்கிய வண்டியின் கதையை ஓடோமீட்டர் சொல்லாது. பேரிங்கும் வெல்டிங்கும்தான் சொல்லும்.

இந்தியாவில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2016 மார்ச்சில் வெளியிட்ட இவ்வண்டி, 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வரும் வரை சந்தையில் இருந்தது. இன்று பழைய வண்டிச் சந்தையில் பயண பைக் தேடுபவர் கண்ணில் அடிக்கடி படுவதும் இதுதான். 411 சிசி ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், 15 லிட்டர் டேங்க், முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அங்குலமுமான ஸ்போக்ஸ் சக்கரங்கள், 220 மி.மீ. தரை இடைவெளி. பின்பக்க மோனோஷாக் அந்நிறுவனத்தின் வண்டிகளில் முதன்முதலாக வந்தது இதில்தான். கீழ்வரும் குறிப்புகள் இந்த வண்டியை முன்வைத்தே எழுதப்பட்டவை. பெரும்பாலானவை மற்றப் பயண வண்டிகளுக்கும் பொருந்தும்.

எந்த ஆண்டு வண்டி

விலை பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 2016இல் வந்தவை கார்புரேட்டர் வைத்த, பாரத் ஸ்டேஜ்-3 (பிஎஸ்-3) மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வாகனங்களின் விற்பனை நின்றது. அதே ஆண்டில் எரிபொருளை ஊசி வழியே செலுத்தும் பிஎஸ்-4 வண்டி வந்தது. 2020 ஜனவரியில் பிஎஸ்-6 வந்தபோது, மண் பாதையில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் வசதியும் சேர்ந்தது.

மலையேறுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். வண்டி கரும்புகை கக்கித் திணறும். ஊசி முறையில் உணரிகள் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். மறுபக்கம், கார்புரேட்டரைச் சாலையோர மெக்கானிக் எவரும் கழற்றிப் பூட்டுவார். உணரி கெட்டால் அது நடக்காது. இருந்தாலும் முதல் தொகுதி வண்டிகளைப் பற்றிப் பல குறைகள் பேசப்பட்டதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 2016 வண்டியைப் புதியவர் தொடாமல் இருப்பதே நல்லது. வண்டியைப் பிரித்துப் பார்ப்பதில் ஆசை உள்ளவருக்கு மட்டும் அது ஏற்றது.

கிலோமீட்டர் எண்ணை நம்புவது எப்படி

விற்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: "சிங்கிள் ஓனர், கம்மி ஓட்டம், ஷோரூம் கண்டிஷன்." கம்மி ஓட்டம் என்பது பயண வண்டிக்கு நற்சான்று ஆகிவிடாது. கன்னியாகுமரியிலிருந்து லே ஏறத்தாழ 4,000 கி.மீ. ஒருமுறை போய்வந்தாலே எட்டாயிரம் சேர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய அந்த எட்டாயிரம், நகர நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டிய எட்டாயிரத்தைவிட எஞ்சினுக்கு மென்மையானது. ஐந்தாண்டு பழைய வண்டி நாலாயிரம் கி.மீ. மட்டுமே ஓடியிருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். நிற்கும் வண்டியில் பேட்டரி சாகும், டேங்கின் உள்ளே துரு பிடிக்கும், ரப்பர் இறுகும்.

எண் மெய்யா என்று சோதிக்க டயரிலிருந்து தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். வண்டி 2018இல் பதிவானது, மீட்டர் எட்டாயிரம் காட்டுகிறது, பின் டயரோ 2021இல் தயாரானது என்றால், எட்டாயிரத்துக்குள் டயர் ஏன் மாறியது என்று கேட்கலாம். பதில் நேர்மையாகவும் இருக்கலாம். மண் பாதைக்கான டயருக்கு மாற்றியிருப்பார். பதில் சொல்லத் தயங்கினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து ஓரங்கள் புதிதாக இருந்தால் நெடுஞ்சாலை ஓட்டம். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவரின் முனை, கைப்பிடி ஆகியவற்றின் தேய்மானமும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். பிரேக் டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும்; விரலால் தடவினால் ஓரத்தில் விளிம்பு தட்டுப்படுகிறதா என்று தெரியும்.

ஆறிய எஞ்சின்

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பாகப் போய், வண்டியைத் தொட்டுப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். எஞ்சின் சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் தெரிகிற குறைகள் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம். ஹிமாலயன் 411இல் ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. ஆகவே குளிர்காலைப் பொழுதில் சற்று நேரம் வரும் வெள்ளை ஆவியைக் கண்டு பதற வேண்டாம். ஆயில் கூலரும் அதற்குப் போகும் குழாய்களும் ஈரமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டி விழும்போது அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று.

இந்த எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மி.மீ. நீண்ட வீச்சு கொண்ட இத்தகைய எஞ்சின் குறைந்த சுழற்சியில் நன்றாக இழுக்கும்; முறுக்கி ஓட்டுவது அதன் இயல்புக்குப் பிடிக்காதது. டேப்பட்டின் 'டிக் டிக்' ஓசை ஓரளவு இருக்கத்தான் செய்யும், சரிசெய்யவும் முடியும். சுமையோடு ஏற்றத்தில் கேட்கும் கனத்த 'டொக் டொக்' சத்தம் வேறு ரகம். அது கிராங்க்கின் பேரிங்கைச் சுட்டும். அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கோன்செட், சக்கரம், சட்டகம்

பயண வண்டியின் உண்மையான வரலாறு இங்கேதான் இருக்கிறது. வாங்க வருபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு இதைப் பார்க்காமல் போவதுண்டு.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரம் தூக்கி நிற்கும். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்பவும். நடுவில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங், அதாவது கோன்செட், போய்விட்டது. குழியில் இறங்கும் ஒவ்வொரு அடியும் சக்கரம் நேராக இருக்கும்போதுதான் விழுகிறது. அதனால் பேரிங் உருளைகள் அந்த ஓரிடத்திலேயே பள்ளம் பதித்துவிடுகின்றன. பிறகு முன்ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியும். கோன்செட் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது வண்டி எத்தகைய சாலையில் ஓடியது என்பதற்குச் சாட்சி.

சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கின் ஓரத்தில் ஒரு பென்சிலை நிறுத்திப் பார்த்தால் ரிம் நெளிந்திருப்பது தெரியும். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் சாவியால் தட்டவும். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. வரிசையாகப் பல மந்தமாக ஒலித்தால் அந்தப் பக்கம் சக்கரம் எதிலோ பலமாக மோதியிருக்கிறது.

அடுத்து ஃபோர்க். மேல்குழாயில் ஆயில் வளையம் படிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. குழாயின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழிந்துவிடும். விலை பேசும்போது குழாயையே கணக்கில் சேர்க்க வேண்டும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் ஆட்டமும் சக்கரப் பேரிங்கின் ஆட்டமும் பிரிந்து தெரியும். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினும் ஸ்பிராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டியவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்பக்கச் சட்டகம். இரு பக்கப் பெட்டிகளை மாட்டும் ரேக் எங்கே போல்ட் ஆகிறதோ, அந்த வெல்டிங் முடிச்சுகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் சுமை சக்கரத்துக்குப் பின்னால் தொங்குவதால், ஒவ்வொரு குழியிலும் அந்த முடிச்சு நெம்புகோலின் தாங்குமுனை போல வேலை செய்கிறது. மயிரிழை விரிசல் முதலில் பெயிண்டில்தான் தெரியும். அதன் வழியே துரு ஒரு கோடாகக் கசிந்திருக்கும். மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க, அங்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் அதைவிட மோசம். ரேக்கைக் கழற்றிவிட்டு "பெட்டியே மாட்டியதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. போல்ட் துளையைச் சுற்றி வாஷர் பதிந்த வட்டத்தை அவர்கள் மறந்திருப்பார்கள்.

கிராஷ் கார்டில் கீறல் இருப்பது குறையே இல்லை. கீழே விழாத பயண வண்டி வீட்டை விட்டுப் போகாத வண்டி. கார்டு வளைந்து எஞ்சினையோ டேங்கையோ நெருங்கியிருந்தால் மட்டும் அடியின் வேகத்தை யோசிக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

லடாக்கின் ஓடைகளைக் கடந்த வண்டியிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் தண்ணீர் புகுந்த தடம் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஓடைநீர் சக்கரப் பேரிங்கிலும் மோனோஷாக்கின் இணைப்புக் கைகளிலும் உள்ள கிரீஸைக் கழுவிவிடும். கழற்றி மறுபடி கிரீஸ் வைத்தால் தீர்ந்தது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாள்கணக்கில் நீரில் மூழ்கிய வண்டிகளின் கதை வேறு. எஞ்சின், ஒயரிங், மீட்டர் மூன்றிலும் சேறு புகுந்திருக்கும். வாட்டர் வாஷ் வெளியே கழுவும். ஹெட்லைட்டின் உள்ளே, பேட்டரித் தட்டின் அடியில், சீட்டுக்குக் கீழே ஒயர்க் கட்டின் இடுக்கில் படிந்த வண்டல் அப்படியே கிடக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் கொஞ்சம் இப்படி வரும் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கடற்கரை ஊர்களில் நின்ற வண்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பயண பைக்காரர்களில் தனுஷ்கோடிக்குப் போகாதவர் குறைவு. அந்த உப்புக்காற்றில் ஒருநாள் போய்வந்தால் ஒன்றும் ஆகாது. கழுவாமல் வாரக்கணக்கில் நிறுத்தினால் ஸ்போக்ஸின் நிப்பிளும் பிரேக் கேலிப்பரின் பிஸ்டனும் அரிக்கத் தொடங்கும்.

ஒயரிங்

ஃபாக் லாம்ப், போன் சார்ஜர், கூடுதல் ஹாரன் எல்லாம் மாட்டிய வண்டி பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். கம்பெனி ஒயரை வெட்டி டேப் சுற்றி ஒட்டியிருந்தால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கம்பெனி நிலையில் தரும்படி கேட்பது நல்லது. மல்டிமீட்டர் கையில் இருந்தால், நிறுத்திய வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட்டையும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட்டையும் எதிர்பார்க்கலாம்.

ஓட்டிப் பார்த்தல்

தனியாக ஒரு சுற்று போதாது. பயண வண்டியைப் பின்னால் ஒருவரை ஏற்றியும் ஓட்ட வேண்டும். சட்டகம் நெளிந்திருந்தாலும் ஷாக் செத்திருந்தாலும் சுமையில்தான் வெளிப்படும். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென்று முறுக்கினால் சுழற்சிமானியின் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நேர்ச்சாலையில் கைப்பிடியைத் தளர்த்தும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பின்னால் இன்னொரு வண்டியில் வரும் நண்பரிடம் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று கேட்க வேண்டும்.

ஆவணங்கள்

சட்டகத்தின் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு ஓரெழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்தால் காப்பீட்டின் காலக்கெடுவும் பதிவின் நிலையும் தெரியும். கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை முடிந்தது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது. வங்கி ஒப்பமிட்ட படிவம் 35 கொடுத்து ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியிருக்க வேண்டும். கோவா, மணாலி போன்ற இடங்களில் வாடகைக்கு விடும் வண்டிகள் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடுபவை. அவை சொந்த வண்டியாக மாற்றப்பட்டு வெள்ளைப் பலகையோடு விற்பனைக்கு வந்தால், பதிவு விவரத்தில் வாகன வகையின் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு பேர் ஓட்டிய கிளட்ச் அது.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 எனும் தடையின்மைச் சான்றும் தேவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புரோக்கர் மூலம் நாலு கை மாறும் வண்டிகளால் சிக்குவது பெரும்பாலும் முதல் உரிமையாளர்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கருதப்படுவார் என்று தீர்ப்பளித்தது. காப்பீட்டையும் 14 நாளுக்குள் புதியவர் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விபத்துக் கோரிக்கை இல்லாததற்காகக் கிடைத்த தள்ளுபடி விற்பவருக்கு உரியது, வண்டியோடு வராது. ஆகவே அடுத்த ஆண்டு காப்பீட்டுத் தொகை விற்பவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதையும் டயர், செயின், கோன்செட் செலவோடு சேர்த்து விலையில் கழித்துக் கேட்கலாம்.