வலிக்கு நடுவே ஒரு கையெழுத்து

1970களின் தொடக்கம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பெரிய பொது மருத்துவமனை. பிரசவ வலியில் துடிக்கிற மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். சிசேரியனோடு கருத்தடையும் முடிந்துவிடுகிறது. சிலருக்கு விஷயமே பின்னாடிதான் தெரிஞ்சது.

டொலோரெஸ் மாட்ரிகால் உட்பட 10 பெண்கள் வழக்குப் போட்டார்கள். தாய்மை அவர்கள் பண்பாட்டில் எவ்வளவு ஆழமானது, இந்த இழப்பு அவர்களை எப்படி உடைத்தது என்று மானுடவியலாளர் கார்லோஸ் வெலெஸ்-இபான்யெஸ் சாட்சி சொன்னார். 1978இல் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் அதையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். அவர்களின் துயரத்துக்குப் பண்பாட்டுப் பின்னணிதான் பெரிய காரணமாம். டாக்டர்கள் மேல் தப்பில்லையாம். வழக்கு தோற்றது.

ஆனாலும் இதுபோன்ற பல குரல்களின் அழுத்தத்தில், அதே ஆண்டு, கூட்டரசு நிதியில் நடக்கும் கருத்தடைகளுக்குப் புது விதிகள் வந்தன. 30 நாள் காத்திருக்க வேண்டும். பிரசவ வலியின்போது ஒப்புதல் வாங்கக் கூடாது. மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

பண்பாட்டை மதிக்கும் மகப்பேறு மருத்துவம் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். அந்த நீதிபதிக்கும்தான் அவர்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லப்பட்டது. அது மட்டும் போதாது. அவளுக்குப் புரியும் மொழியில் கேட்கணும். அவள் வேண்டாம்னு சொன்னா நிறுத்தணும்.