சத்திய தருமச்சாலை, வடலூர்

கடலூர் மாவட்டம் வடலூரில் உள்ள அன்னதான நிலையம். வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) 1867 மே 23 அன்று இதைத் தொடங்கினார். இதற்காகப் பார்வதிபுரம் ஊர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடையாக வழங்கினர்.

பிற உயிரின் பசி கண்டு இரங்குவதே இறைவழிபாடு என்பது வள்ளலாரின் கொள்கை. இதை அவர் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் விளக்கினார். பசித்து வருபவரின் சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்காமல் உணவிட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. புலால் உண்ணாமையை வலியுறுத்தியவர் என்றாலும், புலால் உண்பவரின் பசியையும் ஆற்றச் சொன்னார். சாதி, சமய வேறுபாடுகளை மறுத்து 1865-இல் அவர் நிறுவிய சன்மார்க்க சங்கமே இந்த நெறிக்கு அடித்தளம்.

தொடக்க நாளில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. தரைமட்டத்தில் நீளவாக்கில் அமைந்த அந்த அடுப்பின் மேல் பெரிய பாத்திரங்கள் வரிசையாக ஏற்றப்படுகின்றன; சமைத்த உணவு நாள்தோறும் பந்தியில் பரிமாறப்படுகிறது. பக்தர்கள் அரிசி, பருப்பு, காய்கறிகளைக் காணிக்கையாகத் தருகின்றனர். வடலூரில் 1872-இல் திறக்கப்பட்ட சத்திய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் காண வருவோர் இங்கும் திரளாக உணவு உண்கின்றனர்.